ஆடிட்டுக்காக மாட்டும் போர்டு ஆளைக் காப்பாற்றாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாளையொட்டி உங்கள் நாளிதழில் வந்த சிறப்புப் பக்கத்தைப் படித்தேன். 1966-ல் இதே நாளில் தேசியப் பாதுகாப்புக் குழுமம் தொடங்கப்பட்டது, அதனால்தான் இந்த நாள் என்று போட்டிருந்தீர்கள். வரிசையாக நின்று கையை நீட்டி உறுதிமொழி எடுக்கும் படங்களும் இருந்தன. நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் தொழிலாளி ஷிப்ட் முழுக்கக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருக்கும் எச்சரிக்கை போர்டுகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் திருப்பூரில் சாயப்பட்டறைகளில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக 26 வருஷமாக இருக்கிறேன். போர்டு வந்தால் டிரில் எடுத்துச் சுவரில் ஓட்டை போட்டு மாட்டுகிற வேலை எங்கள் ஆட்களுக்குத்தான் வரும், அதனால் எது எங்கே எதற்காக மாட்டப்படுகிறது என்று பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகிவிட்டது, முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

முதலில் போர்டு எப்படி வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். துணி வாங்குகிற வெளிநாட்டு கம்பெனி, அதாவது பையர், பட்டறையைச் சோதித்துப் பார்க்க ஆடிட்டுக்கு ஆள் அனுப்புகிறார் என்று தகவல் வரும். இரண்டு நாள் முன்னால் கடையிலிருந்து ஒரு கட்டு வந்து இறங்கும். பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம் என்று எல்லாம் கலந்து நாற்பது ஐம்பது இருக்கும். எங்கே மாட்டுவது என்று கேட்டால் காலியாக இருக்கிற இடத்தில் மாட்டு என்பார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு ஏணி போட்டு நானே மாட்டியிருக்கிறேன், காது கவசம் போடச் சொல்லும் போர்டை சத்தமே இல்லாத துணி மடிக்கும் ஹாலில், கெமிக்கல் எச்சரிக்கையை ஆபீஸுக்குப் போகிற மாடிப்படியில். ஆடிட்டர் எண்ணிப் பார்த்துவிட்டுப் போவார். இந்தத் துறையில் இருக்கிற எல்லோரும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன், நன்றாகச் செய்கிற முதலாளிகளும் உண்டு, அவர்களிடமும் வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் போர்டு என்றாலே ஆடிட்டருக்குக் காட்டுகிற பொருள் என்ற எண்ணம் இங்கே ஊறிப்போய்விட்டது. அதனால் என்ன ஆகும் என்பதற்கு என் இடது கையே சாட்சி.

பல வருஷத்துக்கு முன்னால், வேறொரு யூனிட்டில். துணியைச் சுற்றித் தண்ணீரைப் பிழிகிற ஹைட்ரோ மெஷினில் பெல்ட் மாற்ற வேண்டியிருந்தது. அதன் பேனலில் "ஆள் வேலை செய்கிறார், சுவிட்ச் போடாதீர்கள்" என்று ஒரு போர்டு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அது அன்றைக்கு மாட்டியது இல்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் வேறு ஏதோ ரிப்பேருக்கு மாட்டியதை யாரும் கழற்றவே இல்லை. மூன்று மாதமும் அந்த போர்டு தொங்கத் தொங்கவே மெஷின் தினமும் ஓடியிருக்கிறது. நான் போர்டுதான் இருக்கிறதே என்று ஃபியூஸைப் பிடுங்காமல் குனிந்து பெல்ட்டில் கை வைத்தேன். அந்தப் பக்கம் இருந்த ஹெல்ப்பர் தினமும் போடுகிற மாதிரி பச்சை பட்டனை அழுத்திவிட்டார். பெல்ட் புல்லிக்குள் இழுத்தது, மோதிர விரலின் முதல் கணு போய்விட்டது. அந்தத் தம்பி மேல் எனக்கு அன்றும் கோபம் வரவில்லை, இன்றும் இல்லை. போர்டு தொங்கினாலும் மெஷினைப் போடலாம் என்று தொண்ணூறு நாள் அவருக்குப் பழக்கிக் கொடுத்தது அந்தப் போர்டுதான்.

அதனால் நான் சொல்ல வருவது இது ஒன்றுதான். பொய் சொல்கிற போர்டைக் கழற்றுங்கள். அங்கே இல்லாத ஆபத்தைச் சொல்லும் போர்டு, வேலை முடிந்த பிறகும் தொங்கும் போர்டு, யாருக்கும் புரியாத போர்டு, எல்லாமே பக்கத்தில் இருக்கிற உண்மையான போர்டையும் சேர்த்துக் கெடுத்துவிடுகிறது. கண் ஒரு தடவை ஏமாந்தால் அப்புறம் எதையும் நம்பாது. இப்போது நான் மெஷினில் கை வைக்கும் முன் மெயினை இறக்கி, பூட்டுப் போட்டு, சாவியை என் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன். பூட்டோடு ஒரு அட்டை, அதில் என் பெயர், தேதி, போன் நம்பர். வேலை முடிந்ததும் மாட்டினவனே கழற்ற வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது. எங்கள் யூனிட்டில் இதை வழக்கமாகக் கொண்டுவர இரண்டு வருஷம் ஆனது.

இனி போர்டின் நிறமும் வடிவமும். இது ஒன்றும் பெரிய படிப்பு இல்லை. சிவப்பு வட்டத்துக்குள் குறுக்குக் கோடு போட்டிருந்தால் செய்யாதே. நீல வட்டம் என்றால் கட்டாயம் செய், அதாவது கண்ணாடி போடு, கையுறை போடு. மஞ்சள் முக்கோணம் கறுப்புக் கரையோடு இருந்தால் இங்கே ஆபத்து இருக்கிறது, பார்த்துப் போ. பச்சை என்றால் வெளியே போகும் வழி, முதலுதவி. சிவப்புச் சதுரம் என்றால் தீயணைக்கும் சாமான் இங்கே. உலகம் முழுக்க ஐஎஸ்ஓ 7010 என்ற தரத்தில் இப்படித்தான், நம் நாட்டுத் தரமான ஐஎஸ் 9457 சொல்வதும் இதே வடிவத்தைத்தான். ஆனால் இதை யார் தொழிலாளிக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?

ஒரு நாள் கேண்டீனில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பன்னிரண்டு பேரிடம் செல்போனில் படங்களைக் காட்டி என்ன அர்த்தம் என்று கேட்டேன். புகைபிடிக்காதே என்பதை எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். மண்டை ஓடும் எலும்பும் போட்ட கரண்ட் போர்டையும் சொன்னார்கள். நீல வட்டத்தில் காதில் கவசம் மாட்டிய தலையைக் காட்டியதும் ஒரு அக்கா "இங்கே பாட்டு கேட்டுக்கலாம்" என்றார், யோசித்துத்தான் சொன்னார், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நாலு பக்கத்திலிருந்தும் அம்புக்குறி வந்து நடுவில் ஆட்கள் நிற்கும் பச்சைப் படத்தை, அதாவது தீ விபத்து என்றால் எல்லோரும் வந்து கூட வேண்டிய இடத்தை, "கூட்டமா நிக்காதே" என்று மூன்று பேர் சொன்னார்கள். வட்டத்துக்கு மேலே தீ எரிகிற படத்தை ஒருவருக்கும் தெரியவில்லை. நாங்கள் தினமும் பெராக்சைடு டிரம்மில் பார்ப்பது அது. இந்தச் சரக்கு தானே எரியாவிட்டாலும் மற்றதை எரியவிடும் என்று அர்த்தம். சாயப்பட்டறையில் புழங்கும் ஹைட்ரோஸ் என்ற கெமிக்கல் பவுடர் டப்பாவில் ஈரம் பட்டால் சூடேறித் தானாகவே புகைந்து பற்றிக்கொள்ளும் என்பது அனுபவத்தில் எல்லோருக்கும் தெரியும், படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர் யாரும் இல்லை. படம் போட்டால் படிக்காதவருக்கும் புரிந்துவிடும் என்று நினைக்கிறோம். பாதிப் படங்கள் சொல்லிக்கொடுத்தால்தான் புரியும். வேலைக்குச் சேரும் முதல் நாள் அரை மணி நேரம் கூட்டிப் போய் ஒவ்வொரு போர்டு முன்னாலும் நிறுத்திக் காட்டினால் போதும், அதற்குக் காசு கூடச் செலவில்லை.

மொழி விஷயம் இன்னும் கஷ்டம். திருப்பூரில் இப்போது ஒரு டையிங் யூனிட்டில் ராத்திரி ஷிப்டில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம், வங்காளம் என்று ஆட்கள். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் பழைய வாசகத்திலேயே, தீ விபத்தில் தப்பிக்கும் வழியைப் பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரிகிற மொழியில் போதுமான அளவு சிவப்பு எழுத்தில் எழுத வேண்டும், அல்லது தெளிவாகப் புரியும் வேறு குறி போட வேண்டும் என்று இருந்தது. எழுபத்தைந்து வருஷத்துக்கு மேலே ஆகிறது. அப்போதே யோசித்திருக்கிறார்கள். மின்சாரத்துக்கும் விதி உண்டு, 250 வோல்ட்டுக்கு மேல் என்றால் இந்தி அல்லது ஆங்கிலத்தோடு அந்த மாவட்டத்து மொழியிலும், மண்டை ஓட்டுக் குறியோடு அபாய அறிவிப்பு இருக்க வேண்டும். டிரான்ஸ்பார்மரில் "அபாயம்" என்று தமிழில் நாம் பார்ப்பது அதனால்தான். ஆனால் எங்கள் கெமிக்கல் ரூம் போர்டில் இருப்பது முழுக்க முழுக்க ஆங்கிலம். அந்த ரூமுக்குள் தினமும் பத்துத் தடவை போய்வருகிற இரண்டு பேரில் ஒருவருக்குத் தமிழும் இன்னொருவருக்கு ஒடியாவும் மட்டும்தான் படிக்க வரும்.

தமிழில் இருக்கிற போர்டுகளாவது சரியாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. கம்ப்யூட்டரில் போட்டு மொழிபெயர்த்து அப்படியே அச்சடித்துவிடுகிறார்கள். தரை வழுக்கும் என்பதற்கு "எச்சரிக்கை ஈரமான மாடி" என்று மஞ்சள் பலகை ஒன்று எங்களிடம் வந்தது. அரசு பஸ்ஸில் "அவசர வழி" என்று எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறது, சின்னப் பிள்ளைக்கும் புரியும். அதை விட்டுவிட்டுக் கதவுக்கு மேலே "வெளியேறு" என்று எழுதினால் யாரையோ விரட்டுகிற மாதிரி இருக்கிறது. இன்னொன்று, "அனுமதி பெறாத நபர்கள் உள்நுழைவது கண்டிப்பாகத் தடைசெய்யப்பட்டுள்ளது" என்று முழ நீளத்துக்கு எழுதுவது. கையில் வண்டி தள்ளிக்கொண்டு ஓடுகிறவர் முதல் சொல்லைப் படிப்பதற்குள் உள்ளே போயிருப்பார். "உள்ளே போகாதே" என்றால் முடிந்தது. மரியாதை இல்லாமல் இருக்கிறதே என்று எங்கள் சூப்பர்வைசர் கேட்டார். "போகாதீர்கள்" என்றே வையுங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, நாலு சொல்லுக்குள் முடியுங்கள் என்றேன்.

அப்புறம் மாட்டும் இடம். கெமிக்கல் ரூம் என்று சொன்னேனே, அந்தக் கதவு காலையிலிருந்து ராத்திரி வரை திறந்தே, சுவரோடு ஒட்டி நிற்கும். போர்டு முன்பு கதவின் வெளிப்பக்கம் இருந்தது. அதாவது ரூமில் ஆள் நடமாடும் நேரம் பூராவும் அது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது, பூட்டியிருக்கும்போது மட்டும் வெளியே தெரிந்தது. கதவிலிருந்து கழற்றிப் பக்கத்துச் சுவரில் மாட்ட எனக்குப் பத்து நிமிஷம் ஆனது. அதே மாதிரி தீயணைப்பான் போர்டுக்கு முன்னால் துணி பண்டலை ஆள் உயரத்துக்கு அடுக்குவது, பாய்லர் பக்கம் ஆவியில் எழுத்து வெளிறிப் போவது. ஆபத்து இருக்கிற இடத்திலேயே மாட்டினாலும் பலன் குறைவு, அதற்கு நாலடி முன்னாலேயே, நின்று யோசிக்க இடம் இருக்கிற தூரத்தில் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். கரண்ட் போனால் பச்சை வழிப் போர்டு இருட்டில் தெரியுமா என்று ஒரு நாள் விளக்கை எல்லாம் அணைத்துப் பாருங்கள், நாங்கள் பார்த்தபோது ஒன்று மட்டும் தெரிந்தது.

அளவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, எளிதுதான். எவ்வளவு தூரத்திலிருந்து தெரிய வேண்டுமோ அந்த மீட்டரை அதே எண்ணால் பெருக்கி 2000-ஆல் வகுத்தால் போர்டின் பரப்பு சதுர மீட்டரில் வந்துவிடும், 50 மீட்டருக்குள் இந்தக் கணக்கு சரி. 20 மீட்டர் நீள ஹாலின் கடைசியில் இருப்பது இந்த முனையிலிருந்து தெரிய வேண்டும் என்றால் பக்கத்துக்கு 45 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். நாம் பிரிண்ட் எடுத்து லேமினேஷன் போட்டு ஒட்டுகிற ஏ4 தாள் 11 மீட்டருக்குத்தான் வரும், அதுவும் நல்ல வெளிச்சத்தில்.

இப்போது நான் இந்தக் கடிதத்தை எழுதவே காரணமான விஷயத்துக்கு வருகிறேன். கழிவுநீர்த் தொட்டி. சாயப்பட்டறையில் சுத்திகரிப்புத் தொட்டிகளின் அடியில் சேறு தங்கும். சாயம் ஏற்றக் கொட்டுகிற கிளாபர் சால்ட் சல்பேட்தான், அந்தத் தண்ணீர் காற்றில்லாமல் தேங்கிக் கிடந்தால் நுண்ணுயிர்கள் அதை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றிவிடும். சும்மா கிடக்கும்வரை சேற்றுக்குள் அடங்கியிருக்கும், மண்வெட்டி போட்டுக் கிளறியதும் மொத்தமாக மேலே வரும். காற்றைவிடக் கனம் என்பதால் தொட்டிக்குள்ளேயே நிற்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை வாடை வரும். 100 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு என்ற அளவைத் தாண்டினால் சில நிமிஷத்தில் மூக்கு மரத்து வாடையே தெரியாமல் போய்விடும். வாடை போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நம் ஆட்கள் சொல்வதை என் காதால் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சைக் கேட்டால் இன்றும் எனக்கு வயிறு கலங்கும். ஒருவர் இறங்கி விழுவார், அவரைத் தூக்க இரண்டாமவர் இறங்குவார், அப்புறம் மூன்றாமவர். செய்தித்தாளில் ஒரே தொட்டியில் மூன்று பேர், நாலு பேர் என்று நீங்கள் போடும்போதெல்லாம் முதல் ஆளைத் தவிர மற்றவர்கள் பெரும்பாலும் காப்பாற்றப் போனவர்கள்தான்.

சட்டம் சொன்னது தெளிவானது. விஷவாயு இருக்கக்கூடிய தொட்டியில் தகுதியுள்ளவர் சோதித்து எழுத்தில் சான்று தராமல் யாரும் இறங்கக்கூடாது, இல்லையென்றால் சுவாசக் கருவியும் இடுப்புப் பெல்ட்டும் கட்டி, கயிற்றின் மறு நுனி வெளியே நிற்பவர் கையில் இருக்க வேண்டும். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆவது பிரிவிலேயே இது இருந்தது. ஆனால் தொட்டி மூடியில் என்ன எழுதியிருக்கிறது? நான் பார்த்த பெரும்பாலான இடங்களில் தொட்டியின் பெயரும் கொள்ளளவும். இத்தனை கிலோலிட்டர். அவ்வளவுதான்.

எங்கள் யூனிட்டில் இதை மாற்றினோம். முதலாளி மகன் ஒத்துக்கொண்டார், அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். என்ன எழுதுவது என்று நாங்களே நாலு பேர் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே யோசித்தோம். மேலே மஞ்சள் முக்கோணம், பக்கத்தில் ஆள் இறங்கும் படத்துக்குக் குறுக்கே சிவப்புக் கோடு. கீழே எழுத்து: "இறங்காதே. உள்ளே விஷவாயு. வாடை இல்லாவிட்டாலும் வாயு இருக்கும். உள்ளே ஒருவர் விழுந்தால் நீயும் இறங்காதே. மணியை அடி." கடைசி வரிக்காகத்தான் ஒரு வாரம் பேசினோம். கூட வேலை பார்க்கிறவன் கண் முன்னால் கிடக்கும்போது இறங்காதே என்று மட்டும் சொன்னால் எவன் கேட்பான்? வேறு என்ன செய்வது என்று அங்கேயே சொல்லியாக வேண்டும். அதனால் தொட்டிக்குப் பக்கத்துக் கம்பத்தில் ஒரு மணியை மாட்டி, கேட்டில் வாயு சோதிக்கும் கருவியும் மூச்சுக் கருவியும் வைத்தோம். மணி இல்லாமல் அந்த வரியை எழுதியிருந்தால் அதுவும் பொய் போர்டுதான்.

இதே நல்ல பழக்கத்தை சிவகாசிப் பக்கம் பட்டாசு ஷெட்டுகளில் பார்க்கலாம். அறைக்கு எத்தனை பேர், எத்தனை கிலோ மருந்து என்று சுவரில் எழுத வேண்டும் என்பது விதி. அங்கேயும் விபத்து நடக்கிறது, விதியை மீறி ஆள் சேர்க்கிறார்கள், எல்லாம் தெரிந்ததே. ஆனால் அந்த வாசகத்தின் முறை எனக்குப் பிடிக்கும், எண் போட்டுச் சொல்கிறது, உள்ளே உட்கார்ந்து வேலை செய்கிற பெண் தலையை எண்ணிப் பார்த்து "ஒரு ஆள் கூட இருக்கு" என்று சொல்ல முடியும். "பாதுகாப்பே முதல்" என்று எழுதிய போர்டை வைத்துக்கொண்டு அவர் என்ன கேட்க முடியும்?

ஒன்றை மறந்துவிடக் கூடாது. பெல்ட்டுக்கு கார்டு, அதாவது கை உள்ளே போகாமல் தடுக்கும் மூடி, இல்லாத இடத்தில் "கையை உள்ளே விடாதே" என்று போர்டு மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் கார்டைப் போடுங்கள். கைப்பிடிச் சுவர் கட்டுங்கள், ஓட்டையை மூடுங்கள். அதற்குப் பிறகும் மீதி இருக்கிற ஆபத்துக்குத்தான் போர்டு. அசிட்டிக் ஆசிட்டைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதை நிறுத்தாமல் சுவரில் என்ன எழுதினாலும் பிரயோஜனம் இல்லை, பார்க்க அதுவும் தண்ணீர் மாதிரியே இருக்கும்.

தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு உங்கள் மூலமாக ஒரு வேண்டுகோள். கழிவுநீர்த் தொட்டிக்கும், கெமிக்கல் ரூமுக்கும், மின் பேனலுக்கும் தமிழ், இந்தி, ஒடியா, வங்காளம் நாலிலும் சரியான வாசகம் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்து அச்சடிக்கிற மாதிரி கொடுங்கள். சின்னப் பட்டறைக்காரர்கள் செய்ய மாட்டேன் என்று சொல்வதில்லை, எழுதிக்கொடுக்க ஆள் இல்லாமல்தான் விட்டுவிடுகிறார்கள். உங்கள் நாளிதழும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஐந்து வடிவங்களையும் ஒரு பக்கத்தில் கலரில் போட்டால் வெட்டி எங்கள் கேண்டீன் சுவரில் ஒட்டுவோம்.

கடைசியாக ஒரு சொந்த வேண்டுகோள். எங்கள் தொட்டி போர்டில் ஒடியா வரிகளை எழுதிக்கொடுத்த தம்பி போன தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. வெயிலிலும் மழையிலும் அந்தக் கடைசி வரி, மணியை அடி என்பது, மங்கிப்போய்விட்டது. தமிழ் வரியை நானே பெயின்ட் வாங்கி எழுதிவிட்டேன், ஒடியா எழுத்தைப் பார்த்து வரையப் பயமாக இருக்கிறது, ஒரு சுழி மாறினால் என்ன அர்த்தம் ஆகுமோ தெரியாது. திருப்பூரில் ஒடியா எழுதத் தெரிந்த உங்கள் வாசகர் யாராவது இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் வந்து எழுதிக்கொடுக்க வேண்டும். உங்கள் அலுவலகத்தில் தகவல் சொன்னால் போதும், நானே வண்டியில் வந்து கூட்டிப்போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மெயின்டனன்ஸ் ஃபிட்டர்,
திருப்பூர்.